தாமரையா, அல்லியா, வசம்பா? நம்ம செட்டிநாட்டு முற்றத்துக்கு எது ஒத்துவரும்

போன மாசத்துல மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. ஒரு ஆச்சி, தேவகோட்டைல ஊர் வீட்டப் புதுப்பிச்சு முடிச்சிருக்காங்க, ஆனா இருக்கிறது சென்னைல, வளவுல, அதாவது நடு முற்றத்துல, ஒரு தொட்டி வச்சுத் தாமரை விடணும்னு ஆசை. இன்னொரு அண்ணன் கானாடுகாத்தான் பக்கம், வீட்ட ஹோம்ஸ்டேயா மாத்துறாரு, வர்றவங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா ஏதாச்சும் தண்ணிச் செடி வேணுமாம். மூணாவது காரைக்குடியிலயே வாடகை வீட்டு மாடில குடியிருக்கிற ஒரு பொண்ணு, "அக்கா, தாமரையா அல்லியா, ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன்"னு கேக்குது.

ஒரு வார்த்தைல சொல்ற விஷயமா இருந்தா சொல்லிருப்பேன். மூணு பேருக்கும் மூணு வேற பதில்தான் வருது, ஏன்னா செடிய விட வீடுதான் இங்க முக்கியம். பூ போட்டோவப் பாத்து முடிவு பண்ணினா முக்காவாசி பேருக்கு ஏமாத்தம்தான் மிஞ்சும், எனக்கும் அப்படித்தான் ஆச்சு. பள்ளத்தூர்ல எங்க அப்பத்தா வீட்டு வளவுல நான் முதல்ல வச்சது தாமரை. இலை வந்துச்சு, தட்டுத் தட்டா வந்துச்சு, காம்பு நீண்டு தூணோரமா சாஞ்சுக்கிட்டு வெளிச்சத்தத் தேடுச்சு, எட்டு மாசம் ஆயும் ஒரு மொட்டு இல்ல. உரம் போட்டேன், மண்ண மாத்தினேன், தண்ணி மாத்தினேன். கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஒரு சாக்பீஸ எடுத்துக்கிட்டு வளவுல உக்காந்து மணிக்கொரு தடவ நிழல் விளிம்ப ஆத்தங்குடிக் கல்லு மேல கோடு போட்டுக்கிட்டே வந்தேன். சாயங்காலம் கூட்டிப் பாத்தா அந்தத் தொட்டிக்குக் கிடைச்ச வெயில் மொத்தமே மூணே முக்கால் மணி நேரம். அதே தொட்டிய ஆளு வச்சுத் தூக்கிப் பின்னாடி கிணத்தடிக்கு மாத்தினோம், ஏழாவது வாரம் மொட்டு வந்துடுச்சு.

அதனால முதல்ல நம்ம வீட்ட அளப்போம், அப்புறம் செடிக்குப் போவோம்.

## எத வச்சு முடிவு பண்றது

வெயில். இதுதான் முதல் கேள்வி, மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடிதான். அளக்கும்போது ஒரு விஷயம் கவனிக்கணும், சித்திரைல அளந்துட்டு வருஷம் முழுக்க அப்படியே இருக்கும்னு நெனச்சுடக் கூடாது. நம்ம பக்கம் சித்திரை முதல் வாரத்துல உச்சி வேளைல சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிக்கும், சுவருக்கு நிழலே இருக்காது. மார்கழில அது தெக்கால சாஞ்சுடும், 15 அடி உயரச் சுவரு உச்சி வேளைலயே வடக்குப் பக்கம் 10 அடிக்கு நிழல் போடும். வளவே மொத்தம் 15, 20 அடிதான்னா பாதி முற்றம் இருட்டுல போயிடும். அதனால தொட்டிக்கு நல்ல இடம் முற்றத்தோட வடக்குப் பாதி. ஆனா ஓரத்துல ஒட்டி வச்சுடாதீங்க, நாலு பக்கக் கூரைத் தண்ணியும் முற்றத்துக்குள்ளதான் கொட்டுது, ஐப்பசி மழைல அந்த ஓடு விளிம்புக்குக் கீழ தொட்டி இருந்தா மண்ணெல்லாம் குழிச்சு வெளிய வந்துடும், இலையும் கிழிஞ்சுடும். விளிம்புலேர்ந்து ரெண்டு அடியாச்சும் உள்ள தள்ளி வைங்க.

தண்ணி. ரெண்டு அடி அகலத் தொட்டில ஒரு சென்டிமீட்டர் தண்ணி இறங்கினா அது சுமார் 3 லிட்டர். சித்திரை வைகாசில எங்க தொட்டில ஒரு நாளைக்கு ஏறக்குறைய அவ்வளவு இறங்குது, இலை நிறைய இருந்தா இன்னும் கூட. அப்ப மூணு நாலு நாளைக்கு ஒரு வாளி, ஒவ்வொரு தொட்டிக்கும். போர் தண்ணி உப்பா இருக்கிற வீட்டுல வெயில்ல தண்ணி மட்டும் ஆவியாகி உப்பு தங்கிடும், தொட்டி விளிம்புல வெள்ளையாப் படியும், இலை ஓரம் கருகும். நம்ம முன்னோர் கூரைத் தண்ணிய அண்டா வச்சுப் பிடிச்ச பழக்கம் இந்தச் செடிங்களுக்கும் நல்லதுதான், மழைத் தண்ணி ஒரு டிரம் இருந்தா கோடைக்குக் கை கொடுக்கும்.

ஆள். நம்ம ஊரு நிலமை எல்லாருக்கும் தெரியும், பாதி வீடு பூட்டித்தான் கிடக்கு. கல்யாணம், படைப்பு, திருவிழான்னா திறக்கிறோம். வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து பாக்க ஆள் உண்டா இல்லையான்னு நேர்மையா யோசிங்க.

எடை. ரெண்டு அடித் தொட்டில மண்ணும் தண்ணியும் ரொப்பினா 120 கிலோவுக்கு மேல வரும். வீட்டுல விசேஷம்னு வந்தா வளவுலதான் பந்தி, வளவுலதான் சடங்கு, மிளகாயும் வத்தலும் காயறதும் அங்கதான். அப்ப நகத்த முடியாது. இத யாரும் முன்னாடி யோசிக்கிறது இல்ல, விசேஷத்துக்கு முந்தின நாள் நாலு பேர் சேந்து மூச்சுப் பிடிச்சுத் தூக்கும்போதுதான் தெரியும்.

கொசு. தேங்கின தண்ணில டெங்கு கொசு முட்டைலேர்ந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் போதும். நாலஞ்சு கப்பி மீன் விட்டா தீந்துச்சு, ஆனா அந்த மீன ஊருணிலயோ கண்மாயிலயோ கொண்டு போய் விடாதீங்க, அது நம்ம ஊரு மீன் கிடையாது.

## தாமரை

ஆறு மணி நேரம் நேரடி வெயில் இருந்தா தாராளமா தாமரைக்குப் போங்க, இதுக்கு ஈடு வேற எதுவும் கிடையாது. நான் சொல்றது பூவ மட்டும் இல்ல. முந்தின ராத்திரி மொட்டு உப்பி நுனி லேசா விலகி நிக்கும், விடியக்காலைல போய்ப் பாத்தா ஒரு கிண்ணம் மாதிரி பாதி திறந்திருக்கும், பத்து பதினோரு மணிக்கெல்லாம் திரும்ப மூடிக்கும். ரெண்டாம் நாள்தான் முழுசா விரியும், வாசம் பட்டாசாலை வரைக்கும் வரும். மூணாம் நாள் இதழ் வெளுத்து, நாலாம் நாள் ஒவ்வொண்ணா உதுந்து, நடுவுல விதை இருக்கிற பச்சைப் பொகுட்டு மட்டும் நிக்கும். இன்னொண்ணு, தாமரைப் பூ தன் சூட்டத் தானே 30லேர்ந்து 36 டிகிரிக்குள்ள வச்சுக்கும், வெளிய குளிந்தாலும். வண்டுகளக் கூப்பிட்டு உள்ள தங்க வைக்கிற ஏற்பாடு அது.

கிழங்காவும் வாங்கலாம், விதையும் போடலாம். விதை ரொம்ப மலிவு, ஆனா அதுல ரெண்டு சிக்கல். விதைலேர்ந்து வர்றது தாய்ச் செடி மாதிரியே வரும்னு சொல்ல முடியாது, பூக்கவும் ஒரு வருஷமோ மேலயோ ஆகும். ரெண்டாவது, ஆன்லைன்ல நீலத் தாமரை விதை, கறுப்புத் தாமரை விதைன்னு விக்கிறாங்க, தயவு செஞ்சு வாங்காதீங்க. உலகத்துல தாமரை இனமே ரெண்டுதான், நம்ம வெள்ளை சிவப்பு ஒண்ணு, அமெரிக்காவோட மஞ்சள் ஒண்ணு, ரெண்டையும் கலந்து ஒட்டு ரகம் எத்தனையோ வந்திருக்கு, ஆனா நீலம் கிடையாது. நீலமா இருந்தா அது அல்லி. சும்மா முளைக்கிறதப் பாக்கணும், பிள்ளைங்களுக்குக் காட்டணும்னா விதை போடுங்க, நல்லாருக்கும். ஓடு கல்லு மாதிரி இருக்கும், சீனாவுல ஒரு பழைய ஏரிப் படுகைல கிடைச்ச சுமார் 1,300 வருஷத்து விதையே முளைச்சிருக்குன்னா பாத்துக்கங்க. குழி விழுந்த நுனியக் கருங்கல்லுல தேச்சு, உள்ள வெள்ளையாத் தெரிஞ்ச உடனே நிறுத்திட்டு, ஒரு டம்ளர் தண்ணில போட்டுத் தினம் தண்ணி மாத்தினா ஒரு வாரத்துல பச்சைக் கொம்பு எட்டிப் பாக்கும்.

பூ வேணும்னா கிழங்குதான். தை கடைசி, மாசில நடுங்க. கிழங்கோட முளை நுனி ஒடிஞ்சா அந்தக் கிழங்கு பெரும்பாலும் வீண், கொரியர்ல வந்த டப்பாவப் பிரிக்கும்போதே நிதானமாப் பிரிங்க. அடில ஓட்டை இல்லாத வட்டத் தொட்டிதான் வேணும், சதுரத் தொட்டின்னா கிழங்கு ஓடிப் போய் மூலைல முட்டிக்கிட்டு நிக்கும். மண்ணுக்கு நம்ம கண்மாய்க் கரம்பை, அந்த வண்டல் மண்ணு இருக்கே, அத விட ஒசந்தது எந்த நர்சரியிலயும் கிடைக்காது, அஞ்சாறு அங்குலம் போடுங்க, மேல தண்ணி நாலு அங்குலம் போதும். வெறும் செம்மண்ணுன்னா தண்ணி கலங்கிக் கலங்கி மாசக்கணக்குல தெளியாது. தேங்காய் நார்த் தூள் வேண்டவே வேண்டாம், அது மிதக்கும். உரத்த அவசரப்பட்டுப் போட்டுடாதீங்க, தண்ணிக்கு மேல எந்திரிச்சு நிக்கிற இலை மூணு நாலு வந்த பிறகுதான், அதுக்கு முன்னாடி போட்டா இளம் வேர் கருகிடும். காஞ்ச இலைய வெட்டும்போது தண்ணிக்கு மேலயே வெட்டணும், காம்புக்குள்ள குழல் இருக்கு, தண்ணிக்குக் கீழ வெட்டினா அது வழியாத் தண்ணி இறங்கிக் கிழங்கு அழுகிடும்.

வெளிய தெரியாத செலவு என்னன்னா, வருஷத்துக்கு ஒரு தடவ தொட்டியக் கவுத்துக் கிழங்கப் பிரிக்கணும். கிழங்கு சுத்திச் சுத்தி ஓடித் தொட்டிய அடைச்சிருக்கும், பிரிக்கலேன்னா அடுத்த வருஷம் பூ குறையும். அரை நாள் வேலை, சேறு முழங்கை வரைக்கும், வாடையும் இருக்கும். அடுத்தது, கார்த்திகை மார்கழில இலையெல்லாம் மஞ்சளாகிக் காஞ்சு தொட்டி பாக்கவே பாவமா இருக்கும். செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டவங்கள எனக்குத் தெரியும். அது ஓய்வு, கிழங்கு உள்ள உயிரோடதான் இருக்கு, தண்ணிய மட்டும் வத்த விடாதீங்க.

பூசைக்குத் தினம் பூ வரும்னு நெனச்சு வாங்குறவங்களுக்கு: ஒரு தொட்டில ஒரு நேரத்துல ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. வெள்ளிக்கிழமைக்குப் பூக்காரம்மாவ விட்டுடாதீங்க.

## அல்லி

நாலஞ்சு மணி நேர வெயில்தான் உங்க வீட்டு நிலமைன்னா உங்களுக்கு அல்லிதான், யோசிக்கவே வேண்டாம். மூணு மணி நேரம்னாலும் வெப்ப நாட்டு ரகம் சிலது பூக்கும், எண்ணிக்கைதான் குறையும்.

கடைல ரெண்டு வகை சொல்வாங்க, ஹார்டி (குளிர் தாங்குறது), டிராபிக்கல் (வெப்ப நாட்டு ரகம்)னு. ஹார்டி பூ தண்ணி மேலயே படுத்துக் கிடக்கும், டிராபிக்கல் பூ காம்பு நீட்டி அரை அடி மேல நிக்கும், இலை ஓரம் பல்லுப் பல்லா இருக்கும். நம்ம வெயிலுக்கு டிராபிக்கல்தான் குஷியா வளரும். நடுறதுலயும் வித்தியாசம் உண்டு, ஹார்டிக் கிழங்கு பக்கவாட்டுல ஓடும், அதனால சட்டி ஓரமா சாச்சு வச்சு முளைய மண்ணுக்கு மேல விடணும், டிராபிக்கல் நடுவுல. பத்துப் பன்னெண்டு அங்குலப் பூச்சட்டில நட்டு, அந்தச் சட்டியத் தூக்கித் தொட்டித் தண்ணிக்குள்ள இறக்கினாப் போதும். இதுல ஒரு பெரிய சௌகரியம், விசேஷத்துக்குத் தொட்டிய நகத்தணும்னா சட்டியத் தூக்கி ஒரு வாளில வச்சுட்டுத் தண்ணிய இறைச்சுட்டாத் தொட்டி ஒத்தை ஆள் சுமை. தாமரைல இது நடக்காது.

பகல்ல பூக்கிறது ஒம்பது மணி வாக்குல விரிஞ்சு மூணு நாலு மணிக்கு மூடும். ராத்திரி ரகம் விளக்கு வைக்கிற நேரத்துல விரிஞ்சு மறுநாள் காலை வரைக்கும் இருக்கும். காலைல எட்டு மணிக்கு வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வர்றவங்க பகல் ரகம் வாங்கினா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பூவப் பாப்பாங்க, வாங்கும்போது இத யாரும் சொல்லித் தர்றதில்ல.

நம்ம கண்மாய்ல தானா வர்ற அல்லியையும் மறந்துடக் கூடாது. கோடைல கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், மாடு மேயும், பிள்ளைங்க கிரிக்கெட் ஆடும், ஐப்பசில தண்ணி வந்த பத்து இருபது நாள்ல இலை வந்து மிதக்கும். கிழங்கு மண்ணுக்குள்ள உறங்கிக்கிட்டே இருக்கு. வெள்ளை, சிவப்பு, நீலம்னு நம்ம மண்ணுலயே உண்டு, இந்த நீலம்தான் இலங்கையோட தேசியப் பூவும். எந்தக் கலப்பின ரகத்த விடவும் வறட்சிய இது தாங்கும். குடிதண்ணி ஊருணிலயோ கோயில் குளத்துலயோ இறங்கிப் பிடுங்காதீங்க, தோட்டத்துல வச்சிருக்கிறவங்ககிட்ட ஒரு கிழங்கு கேட்டாத் தருவாங்க.

அல்லில தொந்தரவுன்னா அசுவினிப் பூச்சி, இலை மேல கறுப்பாப் பொடி தூவின மாதிரி ஒட்டிக்கும், தண்ணிய வேகமா அடிச்சா விழுந்துடும், மீன் தின்னுடும். மருந்து தெளிச்சா மீன் செத்துடும். முதல் மாசம் தண்ணி பச்சையாகும், உடனே உடனே தண்ணிய மாத்திக்கிட்டே இருந்தா அது திரும்பத் திரும்பப் பச்சையாகும். பாதித் தண்ணிய இலை மூடுற வரைக்கும் பொறுத்துக்கங்க. ஃபவுண்டன் மோட்டார் வாங்குற எண்ணம் இருந்தா விட்டுடுங்க, மேல தண்ணி தெறிச்சுக்கிட்டே இருந்தா அல்லிக்குப் பிடிக்காது.

## வசம்பு, குடைக்கோரை, சேம்பு

வெயிலே சரியா வராத முற்றம், இல்ல வீட்டுப் பின்பக்கம் ரெண்டாம் கட்டு ஓரம். இங்க பூவ மறந்துட்டுப் பச்சைக்கு வாங்க. வசம்பு நம்ம வீடுங்கள்ல சுட்டு உரசிக் குழந்தைக்கு வைக்கிற அதே வசம்புதான், ஆனா அது சதுப்புல வளர்ற செடின்னு நிறைய பேருக்குத் தெரியாது, கத்தி கத்தியா இலை, கசக்கினா வாசம். குடை மாதிரி விரியற கோரைய நர்சரில அம்ப்ரெல்லா பாம்னு கேளுங்க, சாகவே சாகாது. கருஞ்சேம்பு இலைல தண்ணி முத்தா உருளும், தாமரை இலை மாதிரியே, ஆனா சாறு பட்டா அரிக்கும், சின்னப் பிள்ளை இருந்தாத் தள்ளி வைங்க.

இதுக்குத் தண்ணி மேல நிக்கணும்னு அவசியமே இல்ல. ஓட்டையில்லாத சட்டில கரம்பை போட்டு, மேல ரெண்டு அங்குலம் கூழாங்கல் பரப்பி, கல்லுக்குக் கீழ மட்டும் தண்ணி நிக்கிற மாதிரி விட்டாக் கொசு முட்டை போட இடமே இல்ல, மீனும் வேண்டாம்.

## ஆகாயத்தாமரை

ஓசில கிடைக்குது, ஊதாப் பூ அழகா இருக்கு, வெங்காயம் மாதிரி உப்பின காம்போட தானா மிதக்குது. தென் அமெரிக்காலேர்ந்து வந்தது, சாதகமான தண்ணில ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாகும். தொட்டில அதிகமானத வழிச்சுக் கால்வாய்ல போட்டா அடுத்த மழைல கண்மாய்க்குப் போயிடும், கண்மாய மூடிடும். வேண்டாம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

## ஒரு பார்வைல

| | தாமரை | அல்லி | வசம்பு, கோரை |
|---|---|---|---|
| வெயில் | 6 மணி நேரமோ மேலயோ | 4-5 மணி நேரம் | 2-3 மணி நேரம் போதும் |
| தொட்டி அகலம் | குட்டி ரகம் ஒண்ணரை அடி, பெருசு 2-3 அடி | ஒண்ணரை அடிலேர்ந்து | சட்டி போதும் |
| நகத்துறது | கஷ்டம் | சுலபம் | சுலபம் |
| மார்கழில | ஓய்வு, பூ இல்ல | குறைஞ்சாலும் பூக்கும் | பச்சையாவே இருக்கும் |
| வருஷ வேலை | கிழங்கு பிரிக்கணும் | சட்டி மண் மாத்தணும் | கூட்டமானாப் பிரிக்கலாம் |

## தொட்டில ஏமாறாதீங்க

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைல அண்டாவப் பாத்ததும் எல்லாருக்கும் வர்ற யோசனை, இதுல தாமரை விட்டா எப்படி இருக்கும்னு. பாக்க அழகுதான். ஆனா செம்பும் பித்தளையும் தண்ணில செம்பக் கசிய விடும், மீனுக்கும் நத்தைக்கும் அது விஷம். அண்டாதான் வேணும்னா உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்ப இறக்கி அதுல நடுங்க. பழைய கல்தொட்டி இருந்தா அத விட நல்லது இல்ல, சூடே ஏறாது. புதுச் சிமென்ட் தொட்டில சுண்ணாம்பு இறங்கும், ரெண்டு மூணு வாரம் தண்ணி ரொப்பி ஊத்தி, ரொப்பி ஊத்திப் பழக்கின பிறகுதான் செடி. கறுப்பு பிளாஸ்டிக் டப் மொட்டை மாடில வைகாசி வெயில்ல கொதிக்கும், ஈரச் சாக்கச் சுத்தி விடுங்க.

## இப்ப அந்த மூணு பேருக்கு

மாடில இருக்கிற பொண்ணுக்கு: வெயிலுக்குப் பஞ்சமே இல்ல, தாமரையும் பூக்கும், ஆனா வாடகை வீடும்மா. ஒண்ணரை அடி டப்புல டிராபிக்கல் அல்லி ஒண்ணு வை, மொத்தம் நாப்பது அம்பது கிலோதான் வரும், சுவரோரமா வை. நீ ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றேன்னா ராத்திரி ரகமாக் கேட்டு வாங்கு. வீடு மாறும்போது சட்டிய ஈரத் துணில சுத்தி எடுத்துட்டுப் போயிடலாம். ரெண்டாவது வருஷம் ஆசை விடலேன்னா குட்டி ரகத் தாமரை.

கானாடுகாத்தான் அண்ணனுக்கு: உங்க விருந்தாளிங்க வர்றது பெரும்பாலும் கார்த்திகைலேர்ந்து மாசி வரைக்கும், தாமரை தூங்குற சமயம் அதேதான். வளவுல அல்லியே வைங்கண்ணே, பகல் ரகம் ரெண்டு, ராத்திரி ரகம் ஒண்ணு, காலைல இட்லி சாப்பிடும்போது ஒண்ணு விரியும், ராத்திரி சாப்பாட்டுக்கு இன்னொண்ணு. தாமரையக் கிணத்தடி வெயில்ல தனியா வைங்க, ஆனி ஆடில அது உங்களுக்கு.

தேவகோட்டை ஆச்சிக்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அவங்களுக்கு ஆசை தாமரை மேல, வீடு பூட்டிக் கிடக்கு, விளக்கு வைக்க ஒரு அம்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வர்றாங்க. வாரம் ஒரு தடவ வர்ற கைக்குக் கோடைல தாமரை தாங்காது ஆச்சி, ஏழு நாள்ல ஏழு சென்டிமீட்டர் இறங்கினா உங்க நாலு அங்குலத் தண்ணில முக்காவாசி காலி. ஆழமான கல்தொட்டி ஒண்ணு வாங்கி ஒண்ணரை அடித் தண்ணில நம்ம நாட்டு அல்லிய விடுங்க, கப்பி அஞ்சு. அந்த அம்மா வெள்ளிக்கிழமை ரெண்டு குடம் ஊத்தினா நிலைச்சுக்கும். ஒரு கோடைல யாரும் வராமத் தண்ணி வத்தியே போனாலும் மீன்தான் போகும், அந்தக் கிழங்கு மண்ணுக்குள்ள காத்துக்கிட்டு இருக்கும், ஐப்பசி மழை கூரை வழியாக் கொட்டும்போது இலை விட்டுடும்.